தாமிரபரணித் தண்ணீரும் கொட்டும் முடியும்: ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருடைய மகளுக்கு வயது 24. கார்த்திகையில் டெங்குக் காய்ச்சலில் பத்து நாட்கள் படுத்து எழுந்தவள், தை மாதம் திருமணமாகித் திசையன்விளைக்குப் போனாள். மாசி பிறந்ததிலிருந்து தலை சீவும்போதெல்லாம் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஊர் உப்புத் தண்ணீர் சேரவில்லை என்று இரு வீட்டாரும் முடிவு கட்டி, தினமும் தலை நிறைய எண்ணெய் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு நெற்றி முழுவதும் பொடிப்பொடியாகப் பரு கிளம்பியிருக்கிறது. திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து முகம் வெளுப்பதற்காகத் தெரிந்தவர் கொடுத்த க்ரீம் ஒன்றைத் தடவி வருகிறாள். ஒரு நாள் தடவாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறதாம். திருச்செந்தூரில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வருமா, கடையில் விற்கும் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, பாளையங்கோட்டையில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மேற்கே அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து தெற்கே வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்களில் பலர் இதே குறையோடு வருகிறார்கள். தண்ணீரின் மேல் சுமத்தப்படும் பழியில் சிறு பங்கு உண்மை உண்டு. பெரும் பங்கு தவறு. அந்தத் தவறு எங்கிருந்து பிறக்கிறது என்பது விளங்கினால், முடியையும் தோலையும் பற்றி நம் வீடுகளில் நிலவும் மற்ற நம்பிக்கைகளில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிவிடும். முடியும் தோலும் தாமதமாகப் பதில் சொல்கின்றன. இன்று வேரில் நேர்ந்த பாதிப்பு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் தெரியும். இன்று தடவிய களிம்பின் கேடு சில மாதம் கழித்து முகத்தில் தெரியும். நாமோ, கண்ணில் பட்ட அன்று பக்கத்தில் எது இருந்ததோ அதற்குப் பழியையோ புகழையோ கொடுத்துவிடுகிறோம்.

முடியின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்விலிருந்து, பிறகு உதிர்கிறது. அதே வேர்ப்பையிலிருந்து புது முடி கிளம்புகிறது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் நமக்கு ஆண்டுக்கொரு முறை மொட்டையாவதில்லை. எந்த நாளிலும் நூற்றுக்கு 85 முதல் 90 முடிகள் வளரும் நிலையில் இருக்கும். மீதியிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இரண்டு நாளைக்கு ஒரு முறை தலை குளிப்பவருக்கு அன்றைக்கு இரண்டு நாள் முடியும் சேர்ந்து வரும். அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, திருமணத்துக்கு முன் இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடப்பது, பெரிய துக்கம் ஆகிய ஏதாவது ஒன்று உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, காய்ச்சலையே மறந்துவிட்ட பிறகு, அவையெல்லாம் சேர்ந்தாற்போல் உதிரத் தொடங்கும். டெலோஜன் எஃப்ளூவியம் என்பது இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் கார்த்திகையில், உதிர்வு மாசியில். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. நடுவே தையில் ஊர் மாறியதால் பழி ஊர்த் தண்ணீருக்குப் போயிற்று. அவள் கல்லிடைக்குறிச்சியிலேயே இருந்து, தினமும் ஆற்றில் முங்கிக் குளித்திருந்தாலும் இந்த முடி உதிர்ந்தே இருக்கும்.

இன்னொரு விதமாகவும் இதைச் சரிபார்க்கலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. திசையன்விளைக்குப் போய் இரண்டு மாதம் என்றால், அந்த ஊரில் இருந்தபோது வளர்ந்த முடி தலையை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே. இடுப்பளவு தொங்கும் பின்னலின் நுனி ஐந்தாறு ஆண்டு வயதானது; அவள் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் வளர்ந்தது. தோலுக்கு வெளியே வந்த முடி, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற நார். அதற்கு இரத்த ஓட்டம் கிடையாது, நரம்பு கிடையாது. வெட்டினால் வலிக்காததற்கும் அதுவே காரணம். வெளியே படும் தண்ணீர் அந்த நாரைச் சொரசொரப்பாக்கலாம். தோலுக்குள் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேரை அது போய்த் தொடுவதில்லை.

உப்புத் தண்ணீரின் உண்மையான குற்றம் வேறு. தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களிலும் கடலோர ஊர்களிலும் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரைக்காமல், வாளியின் உட்புறத்தில் ஒட்டும் வெள்ளைக் கறையைப் போன்ற பொருளாக மாறுகிறது. அதே கறை முடியிலும் படிகிறது. முடி விறைத்து, சிக்குப் பிடித்து, சிக்கெடுக்கும்போது நடுவில் ஒடிகிறது. ஒடிவதும் உதிர்வதும் ஒன்றல்ல. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்து "வேரோடு வந்துவிட்டது" என்று பலர் அழுதிருக்கிறார்கள். அது வேர் அல்ல, ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. வேர்ப்பை தலையிலேயே இருக்கிறது. ஒடிந்த முடியில் குமிழ் இருக்காது, நீளமும் குறைவாக இருக்கும். மகளை ஒரு நாள் உதிர்ந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழுள்ள நீள முடிகள் மிகுதி என்றால் காய்ச்சலின் விளைவு. குட்டை முடிகள் மிகுதி என்றால் தண்ணீரும் சீப்பும். இரண்டும் கலந்தும் இருக்கலாம். தண்ணீருக்குப் பரிகாரம் எளிது: தலைக்கு சோப்புக் கட்டியைத் தவிர்த்து ஷாம்பு போடட்டும், ஷாம்பு உப்புத் தண்ணீரில் அப்படிக் கறை கட்டுவதில்லை. கடைசியாக அலசும் ஒரு வாளி மட்டும் குடிதண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருந்தால் போதும். முடியின் நுனிப் பாதியில் கண்டிஷனர் தடவலாம். நம் பக்கத்துப் பாட்டிமார் சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்ததும் இதே வேலையைத்தான் செய்தது. முடிக்கு முடி உரசுவதைக் கஞ்சி குறைக்கிறது.

காய்ச்சலால் உதிர்ந்த முடி திரும்பி வரும். உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும். பழைய அடர்த்தி தெரிய ஓராண்டு வரை ஆகலாம். வகிட்டை ஒட்டிக் குட்டையாக முடிகள் குத்திட்டு நிற்பதைக் கண்டால் அவை புதிதாக முளைப்பவை என்று மகிழுங்கள். இந்தக் காலத்தில் யார் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும், எந்தப் பெட்டியை ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும், அதனால்தான் முடி வந்தது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். கூந்தல் தைல வியாபாரத்தின் பெரும்பகுதி இந்த ஆறு மாதத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டால் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்: ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச்சோகை இருந்தது. முடி கொட்டுகிறது என்று வரும் பெண்ணின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடப்பது எனக்கு அன்றாடக் காட்சி. அவளுக்கு வேண்டியது இரும்புச்சத்து. கூந்தல் தைலம் அன்று.

இனி எண்ணெய். இதைச் சொல்லும்போது என் வீட்டிலேயே எனக்கு எதிர்ப்பு உண்டு என்பதால் அளந்து சொல்கிறேன். எண்ணெய் முடியை வளர்ப்பதில்லை. வளர்ந்த முடியைக் காக்கிறது. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே அது முடி நாருக்குள் புகுந்து, குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் 2003இல் இதை வெளியிட்டார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் இந்தப் பயன் காணப்படவில்லை. விற்பவரே செய்த ஆய்வு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், வேதியியல் சரியாகவே இருக்கிறது. இதிலிருந்து கிடைக்கும் பாடம், எண்ணெயைக் குளிப்பதற்கு முன் முடியின் நீளத்துக்குத் தடவ வேண்டும் என்பதுதான். நாள் முழுவதும் தலையில் வழிய விட வேண்டும் என்பதல்ல. சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய் தேய்த்து, ஊறி, அலசிவிடும் நம் பழைய வழக்கம் இந்த வகையில் நல்ல வழக்கமே. குற்றாலத்தில் முன்பு சாரல் காலத்தில் உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியை நோக்கி நடந்தவர்கள் அதனால் தங்கள் உடம்புச் சூடு இறங்குகிறது என்று சொன்னதில் எனக்கு வழக்கு இல்லை. தலையில் முடி முளைக்கிறது என்றால் மட்டும் வழக்கு உண்டு.

தினசரி எண்ணெயின் கேடு இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று நெற்றி. தலையிலிருந்து இறங்கும் எண்ணெய், மயிர்க்கால்களின் வாயை அடைத்து நெற்றியிலும் அதன் இரு ஓரங்களிலும் ஒரே அளவுள்ள சிறு பருக்களைக் கிளப்புகிறது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும். எண்ணெயை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தால் ஓரிரு மாதத்தில் அடங்கும். இரண்டாவது பொடுகு. தலை வறண்டதால் பொடுகு வருகிறது, ஆகவே எண்ணெய் வை என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்னும் ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை), எல்லோர் தலையிலும் குடியிருப்பது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையே அதற்கு உணவு. எண்ணெய் வைத்தவுடன் செதில்கள் நனைந்து ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போவதால் குணமானதுபோல் தோன்றுகிறது; கீழே ஈஸ்ட்டுக்கு விருந்து நடக்கிறது. கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்புவை வாரம் இரு முறை, நுரையை ஐந்து நிமிடம் தலையிலேயே விட்டு அலசினால் ஒரு மாதத்தில் பெரும்பாலும் கட்டுப்படும். போட்ட உடனே கழுவிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்கள்தாம் அதிகம்.

மொட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். நேர்ந்துகொண்டது என்றால் தாராளமாகப் போடுங்கள். அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலானது. அடர்த்திக்காக என்றால் வேண்டாம். கத்தி தோலுக்கு மேலே இருப்பதை வெட்டுகிறது; முடி உருவாகும் வேர்ப்பை கீழே இருக்கிறது. வேர்ப்பைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சவரம் செய்வதால் முடி தடிக்கிறதா என்பதை அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928இலேயே அளந்து பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய முடியின் நுனி இயற்கையாகக் கூர்ந்திராமல் மழுங்கியிருப்பதால் தடவும்போது முரடாகத் தெரிகிறது, அவ்வளவே. குழந்தைக்கு மொட்டை போட்ட பின் அடர்ந்து வருவதாகச் சொல்வதும் இதே கால மயக்கம்தான். பிறவி முடி மெல்லியது. அது முதல் சில மாதங்களில் தானே உதிர்ந்து, தடித்த முடி வரும் பருவமும் நாம் மொட்டை போடும் பருவமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

புழுவெட்டையும் இதே வரிசையில் சேர்க்கலாம். காசளவு வட்டமாக முடி போய் வழவழவென்று ஆவதற்குக் காரணம் எந்தப் புழுவும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த வேர்ப்பையைத் தாக்குவதே காரணம். ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானே வந்துவிடும். ஆகவே சின்ன வெங்காயம் தேய்த்தவர், பூண்டு தேய்த்தவர், ஒன்றுமே தேய்க்காதவர் என எல்லோருக்கும் முடி வருகிறது. ஆனால் பூண்டை நசுக்கி இரவு முழுக்கக் கட்டி வைத்தவருக்கு மட்டும் தோல் வெந்து கொப்பளமும் கூடுதலாக வருகிறது.

இதுவரை சொன்னவற்றால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. பணமும் மன நிம்மதியும்தான் போகும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த முக க்ரீம். பெயர் எழுதவில்லை என்றாலும், நிறுத்தினால் சிவந்து எரிகிறது என்ற ஒரு வரி போதும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டுகள் கரப்பான் போன்ற தோல் அழற்சிக்காகக் குறுகிய காலத்துக்கு எழுதித் தரும் மருந்துகள். மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் சேர்ந்த கலவையை, மங்கு படிந்த முகத்துக்குச் சில வாரங்கள் மட்டும் மருத்துவர் தருவதுண்டு. அதைத் தடவிய இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். அந்த இரண்டு வாரம்தான் வினை. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் பெயர் கேட்டு வாங்குகிறார். கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாகவும் போகிறது. மூன்று நான்கு மாதத்தில் தோல் மெலிந்து, சிவப்பு இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு வெடிக்கும், கன்னத்தில் மீசைபோல மயிர் அரும்பும், வெயிலில் நின்றால் எரியும், விட்டால் சிவக்கும், சிவப்பை அடக்க மறுபடியும் தடவ வேண்டும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் அப்படி, கடையில் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டுவது இப்படி.

க்ரீம் டப்பாவில் உள்ளடக்கம் எழுதப்படவில்லை என்றாலோ, வளைகுடாவிலிருந்து வந்தவர் கொண்டுவந்தது என்றாலோ இன்னொரு ஐயமும் எழுகிறது. சில வெளிநாட்டு வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. தோல் வழியாக இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் இறங்கி, உடல் வீங்கி வந்த நோயாளிகளை மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் இத்தகைய க்ரீம்களைத் தடவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. உங்கள் மகள் புதிதாக மணமானவள். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண் பாதரசத்தையோ டிரெட்டினாயினையோ ஹைட்ரோகுவினோனையோ தடவுவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. அவளைக் கண்டிக்காதீர்கள், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு உண்டு. க்ரீமை விட்டாக வேண்டும். விட்ட சில வாரங்கள் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லுங்கள். அந்தச் சிவப்பை ஒவ்வாமை என்று நினைத்து மீண்டும் பழைய டப்பாவுக்குத் திரும்பிவிடுபவர்கள்தாம் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனினின் அளவும் வகையும். அதைச் செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறவி நிறத்தைவிட வெளுப்பாக்கும் பாதுகாப்பான மருந்து எதுவும் கிடையாது. மருந்தால் ஆகக்கூடியது, வெயிலாலும் பருவாலும் கூடுதலாகக் கறுத்த இடத்தைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே. கர்ப்பத்தில் குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கும், பச்சிளம் குழந்தையைக் கடலை மாவு போட்டுத் தேய்த்தால் மயிர் உதிர்ந்து நிறம் ஏறும் என்பதற்கும் இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. அந்த மயிர் தானே உதிரக்கூடியது, மாவு பிள்ளையின் தோலைச் சிராய்ப்பது மட்டும் நிச்சயம்.

இயற்கையானது என்பதால் கேடு செய்யாது என்ற எண்ணமும் இதன் உடன்பிறப்பு. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி நமக்குப் பக்கம், பழம் மலிவு, ஆகவே முகத்தில் தேய்ப்பதும் அதிகம். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை, தோலின் இயல்பான மென்மையான அமிலத்தன்மையைப் போலப் பல நூறு மடங்கு. அதைவிட முக்கியம், அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். ஒன்றிரண்டு நாளில் சிவந்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டுக் கை கழுவாமல் மாடியில் வற்றல் காயவைக்கப் போனவர்களின் விரல்களில் இந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறேன். வெளுக்கத் தேய்த்த சாறே கறுப்பை உண்டாக்குகிறது என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை.

மஞ்சளைப் பற்றி நான் அவ்வளவு கடுமையாக இல்லை. அது பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை; ஆனால் முகத்து மயிரை வேரோடு அழிக்கும் என்பது மெய்ப்பிக்கப்படாத நம்பிக்கை. மோவாயில் முரட்டு மயிர் வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகும் பெண்ணுக்கு மஞ்சள் பூசிக் காலம் கடத்தாமல் சினைப்பை நீர்க்கட்டிக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். மஞ்சளைவிட எனக்குக் கவலை தருவது நெற்றிப் பொட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த பழைய குங்குமம் போய், சாயம் கலந்த பொடியும் ஒட்டும் பொட்டும் வந்துவிட்டன. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒருவகை பியூட்டைல்பீனால், சிலருக்கு அந்த இடத்தின் மெலனின் அணுக்களைக் கொன்று, பொட்டின் அளவிலேயே வெள்ளைத் தடம் பதித்துவிடும். தடம் தெரிந்தவுடன் ஒட்டுவதை நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுவதே வழக்கமாக நடக்கிறது.

வெள்ளைத் தடம் என்றவுடன் மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதாக விசாரணை தொடங்கிவிடும். மீனையும் பாலையும் வெவ்வேறு பெயரில் ஒரே வேளையில் உண்ணும் நாடுகள் பல உண்டு. அங்கெல்லாம் வெண்புள்ளி மிகுதியாக இல்லை. வெண்புள்ளி எதிர்ப்புச் சக்தியின் கோளாறு, தொழுநோய்க்கும் அதற்கும் உறவே கிடையாது, தொட்டால் ஒட்டாது. தேமல் வேறு. பொடுகுக்குச் சொன்ன அதே ஈஸ்ட், வியர்வை மிகுந்த முதுகிலும் மார்பிலும் செய்யும் வேலை அது. பூஞ்சைக்கு மருந்து போட்ட பின்னும் வெளுத்த நிறம் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகும். நிறம் வரவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே போக வேண்டாம்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகை வடக்கில்கூட இல்லை. சித்திரை பிறப்பதை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கிறது. கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது பாதி உண்மை. மெலனின் நம்மை வெயில் புண்ணிலிருந்தும் தோல் புற்றிலிருந்தும் பெருமளவு காக்கிறது. மங்கிலிருந்து காப்பதில்லை, இன்னும் சொல்லப்போனால் மங்கு நம் நிறத்தவர்களுக்கே மிகுதி. வயலில் நடவு நடும் பெண்ணிடம் போய் முந்நூறு ரூபாய் க்ரீம் வாங்கு என்று நான் சொல்வதில்லை. முக்காட்டுத் துண்டும் முழுக்கைச் சட்டையும் அவளுக்குப் போதும். உங்கள் மகளைப் போல ஸ்டீராய்டால் மெலிந்த முகத்தோடு இருப்பவர் மட்டும் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பின் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன் ஒன்றை, ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். பொட்டு வைப்பதுபோல் நான்கு இடத்தில் தொட்டுத் தேய்த்தால் உறையில் எழுதியிருக்கும் பாதுகாப்பில் கால்வாசிகூடக் கிடைக்காது. ஆனி, ஆடியில் சாரல் மேகம் மூடியிருக்கும் நாட்களிலும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதி இறங்கத்தான் செய்கிறது.

கடைசியாகப் பயோட்டின். அந்தச் சத்துக் குறைவால் முடி கொட்டுவது மிக அரிது. முட்டையும் நிலக்கடலையும் சாப்பிடும் வீட்டில் அந்தக் குறை வருவதற்கு வழியே இல்லை எனலாம். மாத்திரை வாங்கிக் கொடுத்தாலும் முடியின் ஆறு மாதக் கணக்கு மாறாது. ஆனால் ஒரு தொல்லை உண்டு. இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின், தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. மகளுக்கு ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே நிறுத்திவிட்டு, பரிசோதனைக் கூடத்தில் அதைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டட்டும். முடிவு வந்ததும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு எண்கள் மூன்றையும், க்ரீம் டப்பாவின் இருபுறப் படத்தையும் அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேலே எழுதுகிறேன்.